மியூனிக் மாணவருக்கு ஒரு வார இறுதி: பிராக்கா, வியன்னாவா, சால்ஸ்பர்க்கா, ரேகன்ஸ்பர்க்கா?

மியூனிக்கில் படிக்கும் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டர் பாதி தாண்டியதும் கேட்கும் கேள்வி இது. வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முடிகிறது, திங்கட்கிழமை காலை மறுபடி வகுப்பு. கையில் அதிகப் பணம் இல்லை. பழைய ஐரோப்பிய நகரம் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்கே போவது? பேச்சில் எப்போதும் நான்கு பெயர்கள் அடிபடும்: செக் நாட்டின் பிராக், ஆஸ்திரியாவின் வியன்னாவும் சால்ஸ்பர்க்கும், ஜெர்மனிக்குள்ளேயே இருக்கும் ரேகன்ஸ்பர்க். நான்கின் பழைய நகரப் பகுதிகளும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. ஆனால் ஒரு வார இறுதிக்குள் நான்கும் ஒரே மாதிரி அடங்கிவிடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் முதல் அக்டோபர் வரை என்றால் பிராக்; திரும்பும் வழியில் ரேகன்ஸ்பர்க்கில் இறங்கி ஒரு மாலை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் வியன்னா. சால்ஸ்பர்க்குக்கு ஒரு நாள் போதும், வார இறுதி முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. காரணங்களைக் கீழே சொல்கிறேன். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம்.

மியூனிக்கே பழைய நகரம்தானே, எதற்கு வெளியே போக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டாம் உலகப் போரில் மியூனிக்கின் மையப் பகுதி குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்தது. இன்று நாம் பார்க்கும் பல கட்டடங்கள் போருக்குப் பிறகு பழைய வடிவத்தில் திரும்பக் கட்டப்பட்டவை. அதை அவர்கள் அக்கறையோடு செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அறுநூறு, எழுநூறு வருடங்களாக அதே இடத்தில் நின்று தேய்ந்த சுவரையும் படிக்கட்டையும் பார்ப்பது வேறு அனுபவம். பிராக்கும் ரேகன்ஸ்பர்க்கும் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர்கள். அங்கே தனித்தனிக் கட்டடங்கள் மட்டும் பிழைத்து நிற்கவில்லை. முழுத் தெருக்களே அப்படி இருக்கின்றன.

டிக்கெட்டும் நேரமும்

பெரும்பாலான மாணவர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பது டிக்கெட் விலையைப் பார்த்துத்தான். அது போதாது. வெள்ளி மதியம் 3 மணியிலிருந்து ஞாயிறு இரவு 10 மணி வரை உங்களிடம் இருப்பது 55 மணி நேரம். அதில் தூக்கம் போனால் நாற்பது சொச்சம். எந்த ஊர் இதில் எவ்வளவைப் பயணத்துக்கே தின்றுவிடும் என்று பாருங்கள். ரேகன்ஸ்பர்க் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். சால்ஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வியன்னா நேரடி விரைவு ரயிலில் நான்கு மணி நேரம். பிராக் ரயிலில் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம், பஸ்ஸில் சுமார் ஐந்து மணி நேரம்.

வெறும் நேரத்தை வைத்துப் பார்த்தால் வியன்னாதான் பிராக்கை விடப் பக்கம். வரைபடத்தில் பிராக் நெருங்கித் தெரிவதால் பலருக்கு இது உறைப்பதில்லை. காரணம் தண்டவாளம்தான். வியன்னா பாதை நல்ல வேகத்தில் ஓடக்கூடிய பாதை. பிராக் பாதை போஹீமியக் காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பழைய பாதை.

சரி, பணம். மாணவர் சலுகையில் கிடைக்கும் டொய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதப் பயணச் சீட்டு உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அது ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும், அதிவேக ரயில்களில் செல்லாது. ரேகன்ஸ்பர்க்குக்கு அதுவே போதும். எல்லை தாண்டி இருந்தாலும் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை வட்டார ரயிலில் அதையே காட்டிப் போகலாம். ஆக இந்த இரண்டு ஊர்களுக்கும் பயணச் செலவு பூஜ்யம்.

பிராக்குக்கும் இதே டிக்கெட் பாதி வழிக்கு மேல் கை கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மியூனிக்கிலிருந்து பிராக் போகும் நேரடி ரயில் ஜெர்மனிக்குள் வட்டார ரயிலாகத்தான் ஓடுகிறது. லாண்ட்ஸ்ஹூட், ரேகன்ஸ்பர்க், ஷ்வாண்டோர்ஃப் வழியாக எல்லை ஊரான ஃபுர்த் இம் வால்ட் வரை டொய்ச்லாண்ட்டிக்கெட் செல்லும். அங்கிருந்து பிராக் வரை மட்டும் செக் ரயில்வேயின் செயலியில் தனியாக டிக்கெட் எடுத்தால் போதும். ரயில் மாற வேண்டியதே இல்லை, அதே இருக்கையில் உட்கார்ந்து டொமாஷ்லிட்ஸே, பில்சன் தாண்டிப் பிராக்கில் இறங்கலாம். கடைசி நேரத்தில் முடிவு செய்தாலும் இந்த வழி அதிகம் விலை ஏறுவதில்லை. தேர்வுத் தேதி எப்போது மாறும் என்று தெரியாத மாணவருக்கு இது பெரிய வசதி.

வியன்னாவுக்கும் இதே மாதிரி செய்யலாம். சால்ஸ்பர்க் வரை வட்டார ரயில், அங்கிருந்து வெஸ்ட்பான் என்ற ஆஸ்திரியத் தனியார் நிறுவனத்தின் ரயில் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் வியன்னா. அல்லது சில வாரங்கள் முன்பே நேரடி ரயிலில் குறைந்த விலை டிக்கெட் எடுக்கலாம். நேரடி ரயில் டிக்கெட்டில் முன்பே எடுத்தவருக்கும் நேற்று எடுத்தவருக்கும் விலை வித்தியாசம் மிக அதிகம். வியன்னா திட்டமிடுகிறவர்களுக்கான ஊர்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. மியூனிக்கில் ஹாக்கர்புருக்கே ஸ்டேஷன் பக்கத்து பஸ் நிலையத்திலிருந்து பிராக்குக்கு நிறைய பஸ்கள் உண்டு, விலையும் குறைவு. போகும்போது எடுங்கள், தப்பில்லை. ஞாயிறு மாலை திரும்பி வரும்போது மட்டும் யோசியுங்கள். ஜெர்மன் எல்லையில் போலீஸ் சோதனை நடக்கும். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேர் பாஸ்போர்ட்டையும் பார்த்து முடிக்கும்வரை வண்டி நகராது. திங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வகம் என்றால் ரயில்தான் நிம்மதி.

பிராக்: மாணவருக்கான வரலாறு

நான் பிராக்கை முன்னால் வைப்பதற்கு முதல் காரணம், அந்த ஊரின் சிறந்த பகுதி தெருவிலேயே இருக்கிறது. பாலம், சதுக்கம், கோட்டையின் முற்றங்கள், மலைச்சரிவு, ஆற்றங்கரை எல்லாமே டிக்கெட் இல்லாமல் பார்க்கக் கூடியவை. இரண்டு நாளில் கால்நடையாகவே முடித்துவிடலாம்.

சார்லஸ் பாலத்துக்கு நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் நாட்டியது 1357இல். அதற்கு முன் அதே இடத்தில் இருந்த யூடித் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போதைய பாலம் 516 மீட்டர் நீளம், இரு பக்கமும் 30 சிலைகள். பகல் பதினொரு மணிக்கு அதில் நடந்தால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். காலை ஆறரைக்குப் போங்கள். பாலமே உங்களுக்கு மட்டும் என்பது போலக் கிடைக்கும். சனி, ஞாயிறு இரண்டு காலைகளில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்குங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் காரணம் என்னைப் பொறுத்தவரை இன்னும் பெரியது. பிராக்கின் வரலாற்றில் மாணவர்கள் நடுநாயகமாக நிற்கிறார்கள். பாலத்தைக் கட்டத் தொடங்கிய அதே சார்லஸ்தான் 1348இல் அங்கே பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். அதன் தலைவராக இருந்த யான் ஹஸ், திருச்சபையின் ஊழலை எதிர்த்துப் பேசியதற்காக 1415இல் எரிக்கப்பட்டார். ஐந்நூறு ஆண்டு கழித்து 1915இல் வைத்த அவருடைய நினைவுச் சின்னம்தான் பழைய நகரச் சதுக்கத்தின் நடுவே இருப்பது. 1939 அக்டோபர் 28இல் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் யான் ஒப்லெடால் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, இரண்டு வாரத்தில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் மாணவர்கள் திரண்டதற்குப் பதிலடியாக நவம்பர் 17 அன்று ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். செக் பல்கலைக்கழகங்களை மொத்தமாக மூடினார்கள். நவம்பர் 17 உலக மாணவர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுவது இதனால்தான்.

சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1989 நவம்பர் 17இல், அந்த நினைவு நாளுக்கு ஊர்வலம் போன மாணவர்களை நாரொட்னி தெருவில் போலீஸ் மறித்து அடித்தது. அதிலிருந்து சில வாரங்களுக்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது. அந்த இடத்தில், ஒரு கட்டடத்தின் நடைபாதை வளைவுக்குள், மேலே நீட்டிய கைகளாக ஒரு சிறிய வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது. அடியில் தேதி மட்டும். சுற்றுலாக் கூட்டம் அதைக் கவனிக்காமல் கடந்து போகும். நீங்கள் நின்று பாருங்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் வென்சஸ்லாஸ் சதுக்கம். அதன் மேல் முனையில், தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால், நடைபாதைக் கற்களிலிருந்து எழும்பிக் கிடக்கும் ஒரு சிலுவை யான் பாலாக்குக்கானது. சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நாடு மெல்ல அடங்கிப் போவதைத் தாங்க முடியாமல் 1969 ஜனவரி 16இல் தன்னை எரித்துக்கொண்ட சார்லஸ் பல்கலைக்கழக மாணவர். வயது இருபது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1943இல் நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கை போட்டதற்காகக் கொல்லப்பட்ட ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் நினைவிடத்தை நீங்கள் பார்த்திருந்தால், இந்த இரண்டு இடங்களுக்கும் போகாமல் பிராக்கை விட்டுக் கிளம்ப மனம் வராது.

வார இறுதியில் போகிறவர்களுக்குப் பிராக்கில் ஒரு சிக்கல் உண்டு. யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜெபக்கூடங்களும் பழைய கல்லறையும் சனிக்கிழமை மூடியிருக்கும், அது அவர்களுடைய ஓய்வு நாள். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டுஸ் பேராலயமோ ஞாயிறு காலை வழிபாட்டுக்கானது, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். ஆகவே சனிக்கிழமை கோட்டையும் பேராலயமும், ஞாயிறு காலை யூதர் பகுதி. இதை மாற்றிப் போட்டால் இரண்டும் போய்விடும். பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344இல், முடித்தது 1929இல். உள்ளே நின்று கிழக்குப் பக்கத்தையும் மேற்குப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த இடைவெளி கண்ணில் படும். யூதர் பகுதியில் இருக்கும் பழைய-புதிய ஜெபக்கூடம் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

1410ஆம் வருடத்து வானியல் கடிகாரத்தைப் பார்க்க மணி அடிக்கும்போது பெரிய கூட்டம் கூடும். பொம்மைகள் வந்து போவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைவிட, மணி அடிக்காத நேரத்தில் போய் அந்த வட்டங்கள் சூரியனையும் சந்திரனையும் எப்படிக் காட்டுகின்றன என்று நின்று படிப்பது பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அவர்களுக்கு இன்னும் ஒரு இடம்: க்ளெமெண்டினும் என்ற பழைய ஜெசூயிட் கல்லூரி வளாகம். அங்கே 1775 முதல் இடைவிடாமல் தினசரி வெப்பநிலையைப் பதிவு செய்து வருகிறார்கள். சதுக்கத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்துக்குள் வானியலாளர் டைக்கோ பிராஹியின் கல்லறை இருக்கிறது. அவருடைய கணக்கேடுகளை வைத்துத்தான் கெப்ளர், இரண்டாம் ருடால்ஃப் மன்னரின் அரசவைக் கணிதராகப் பிராக்கில் இருந்துகொண்டு, கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்தார். புத்தகமாக வந்தது 1609இல்.

பிராக்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம், சனி இரவு சத்தம் அதிகம். குடித்துவிட்டுக் கும்பலாக வரும் வெளிநாட்டினரால் அலுத்துப்போன நகராட்சி, வழிகாட்டியோடு பார் பாராகச் சுற்றும் இரவு நடைகளுக்கு 2024இல் தடை போட்டது. ஹாஸ்டலைப் பழைய நகர மையத்தில் எடுக்காமல் விநோஹ்ராடி, ஹோலெஷோவிட்ஸே மாதிரி ட்ராமில் பத்து, பதினைந்து நிமிடத்தில் எட்டும் பகுதிகளில் எடுத்தால் தூங்க முடியும், விலையும் இறங்கும்.

பண மாற்றம் இன்னொரு தலைவலி. செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். பெரும்பாலும் எல்லா இடத்திலும் கார்டு எடுப்பார்கள், அதனால் பணம் மாற்றவே தேவை இருக்காது. இயந்திரம் யூரோவிலா கொருனாவிலா என்று கேட்டால் எப்போதும் கொருனா. தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்று வருகிறவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். கடையில் மாற்றி மோசமான விலை கிடைத்தது பிறகு தெரிந்தால், ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் திரும்பப் போய் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது.

வியன்னா: மழைக்கும் பனிக்கும்

வியன்னாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கு மிகவும் பிடித்த நகரங்களில் ஒன்று. ஆனால் அதன் செல்வம் கட்டடங்களுக்கு உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் இருபது யூரோவைச் சுற்றி ஒரு டிக்கெட். ஓவிய அருங்காட்சியகத்துக்கு ஒன்று, பெல்வெடேர் அரண்மனை ஓவியக் கூடத்துக்கு ஒன்று, ஷோன்புருன் அரண்மனைக்கு ஒன்று. மாணவர் சலுகை உண்டு என்றாலும் பல இடங்களில் அதற்கு வயது வரம்பு 25 அல்லது 26. நம் பிள்ளைகள் பலர் இரண்டு, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்கு வருகிறவர்கள். மாணவர் அட்டை கையில் இருந்தும் முழு விலை கொடுக்க நேரிடும். கிளம்புமுன் ஒவ்வொரு இடத்தின் வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும் நல்ல விஷயங்களும் வியன்னாவில் இருக்கின்றன. ஷோன்புருன் தோட்டத்துக்கும் அதன் மேட்டுக்கும் கட்டணம் இல்லை. 2023 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்த வியன்னா நகர அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி திறந்தபோது முழுவதும் இலவசமாக இருந்தது. நகரத்தின் கதையை ரோமர் காலத்திலிருந்து அங்கே பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினால் ஊர் நன்றாகப் புரியும். மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரின் கல்லறைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. மலையிலிருந்து 1873 முதல் குழாயில் வரும் ஊற்று நீர்தான் ஊருக்கே குடிநீர், பாட்டில் வாங்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலாக, அரசு ஆபெரா. நின்றுகொண்டு பார்க்கும் இடங்களுக்கு இருபது யூரோவுக்குள் டிக்கெட் கிடைக்கும். உலகின் முதல் வரிசைப் பாடகர்களை அந்த விலையில் கேட்க வேறு எங்கே முடியும்? மூன்று மணி நேரம் நிற்கத் தெம்பு வேண்டும், அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் நிகழ்ச்சிகள் கிடையாது. கோடை விடுமுறைக்கு வியன்னா போகிறவர்கள் ஊரின் மிகச் சிறந்த ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

இங்கேதான் பருவம் முக்கியமாகிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பிராக்கில் அந்த இருட்டிலும் குளிரிலும் தெருத்தெருவாக எவ்வளவு நேரம் சுற்றுவீர்கள்? வியன்னாவிலோ வெளியே பனி கொட்டினாலும் கவலை இல்லை. ஓவிய அருங்காட்சியகத்துக்குள் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலின் அறையில் மட்டுமே ஒரு மணி நேரம் உட்காரலாம். உலகில் அவருடைய ஓவியங்கள் அதிகமாக இருக்கும் இடம் அதுதான். 'பாபெல் கோபுரம்', 'பனியில் வேட்டைக்காரர்கள்' இரண்டு ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. அப்புறம் ஒரு காபிக் கடையில் ஒரு காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். மாலை ஆபெரா. குளிர்கால வார இறுதிக்கு இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியாது. செலவு பிராக்கை விடக் கணிசமாக அதிகம்தான், ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு மதிப்புண்டு.

ஒன்று, ஆஸ்திரியாவிலும் ஜெர்மனி மாதிரியே ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனி மாலைக்குள் ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள். பிராக்கில் ஞாயிறும் பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும்.

வழியில் இருக்கும் ரேகன்ஸ்பர்க்

மியூனிக் மாணவர்கள் ரேகன்ஸ்பர்க்கை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கிறது, ஜெர்மனிதான், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப்போட்டுப் படிப்பே முடிந்துவிடும். ஆனால் வரலாறு என்று வந்தால் அது மற்ற மூன்றுக்கும் இளைத்ததில்லை. ரோமர்கள் கி.பி. 179இல் கட்டிய கோட்டை வாசலின் கற்கள் இன்னும் ஒரு தெருவோரச் சுவரில் நிற்கின்றன. டான்யூபின் மேல் இருக்கும் கல்பாலம் 1135இல் தொடங்கி 1146இல் முடிந்தது, அதாவது சார்லஸ் பாலத்தைவிட இருநூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. பிராக் பாலத்துக்கே அது முன்மாதிரி என்று சொல்வார்கள். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் பேரவை நிரந்தரமாகக் கூடிய மண்டபம் பழைய நகர மன்றத்துக்குள் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள்.

பிராக்கிலிருந்து திரும்பும்போது ரேகன்ஸ்பர்க்கில் இறங்குங்கள் என்று நான் சொல்வதற்கு வசதி மட்டும் காரணமில்லை. இரண்டு ஊர்களும் ஒரே கதையின் இரண்டு முனைகள். பிராக் கோட்டையின் ஜன்னலிலிருந்து 1618இல் பேரரசரின் பிரதிநிதிகளைத் தூக்கி வெளியே வீசினார்கள். அதில்தான் முப்பது ஆண்டுப் போர் தொடங்கியது. அந்த ஜன்னல் இருக்கும் அறையை நீங்கள் சனிக்கிழமை பார்த்திருப்பீர்கள். பிராக்கில் தன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்த கெப்ளர், தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு 1630இல் ரேகன்ஸ்பர்க்குக்கு வந்து, காய்ச்சலில் விழுந்து, அங்கேயே நவம்பர் 15இல் இறந்தார். அவரைப் புதைத்த கல்லறைத் தோட்டமும் அதே போரில் அழிந்துபோனது. இன்று அவருடைய கல்லறை எங்கே என்று காட்ட ஒன்றுமில்லை. அவர் இறந்த வீடு மட்டும் அவர் பெயரிலேயே இருக்கும் தெருவில் நிற்கிறது. முதல் நாள் டீன் தேவாலயத்தில் டைக்கோவின் கல்லறையைப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை இந்த வீட்டின் முன் வந்து நிற்கலாம், ஒரே ரயில் பாதையில்.

இதற்கான நேரக் கணக்கு சுலபம். ஞாயிறு காலை யூதர் பகுதியை முடித்து, மதியம் பன்னிரண்டு மணியை ஒட்டிப் பிராக்கில் ரயில் ஏறினால் மாலை நான்கு, நான்கரைக்கு ரேகன்ஸ்பர்க். ஸ்டேஷனிலிருந்து பாலத்துக்கு இருபது நிமிட நடை. மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு மியூனிக்குக்கு வட்டார ரயில். டிக்கெட் ஏற்கெனவே கையில் இருப்பதால் எந்த ரயிலை விட்டாலும் அடுத்தது.

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ரேகன்ஸ்பர்க்குக்கு மட்டும் போங்கள், அதுவும் ஞாயிறு காலை. பேராலயத்தில் பத்து மணி வழிபாட்டில், பள்ளி விடுமுறை இல்லாத நாட்களில், டோம்ஷ்பாட்ஸன் சிறுவர் பாடகர் குழு பாடும். அந்தக் குழுவின் மரபு 975ஆம் ஆண்டுக்குப் போகிறது. கட்டணம் எதுவும் இல்லை. வழிபாடு என்பதை மதித்து அமைதியாக உட்கார்ந்தால் போதும்.

சால்ஸ்பர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகான ஊர். 1077இல் தொடங்கிய மலைக்கோட்டை, மொஸார்ட் 1756இல் பிறந்த வீடு, ஆறு, பின்னால் ஆல்ப்ஸ். காலை எட்டு மணி ரயிலில் போய் இரவு எட்டு மணி ரயிலில் திரும்பினால் மனநிறைவோடு பார்த்துவிடலாம். தங்கும் விலை ஊரின் அளவுக்குச் சம்பந்தமில்லாமல் அதிகம், அதனால் ஒரு நாள் பயணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் நான்கில் முதலில் அழைத்துப் போக வேண்டியது சால்ஸ்பர்க்தான். பயணம் குறைவு, நடை குறைவு, மலையும் தெரியும்.

சாப்பாடு சைவர்களுக்கு எங்கேயும் பெரிய பிரச்சினை இல்லை. பிராக்கில் செக் உணவு இறைச்சியைச் சுற்றியதுதான் என்றாலும் பொரித்த பாலாடைக்கட்டி எல்லாக் கடையிலும் இருக்கும், வீகன் உணவகங்களும் நிறைய. அங்கே மலிவான மதிய உணவுப் பட்டியல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். வார இறுதிச் செலவைக் கணக்குப் போடும்போது அதை நம்பாதீர்கள். தெருவெங்கும் விற்கும் டிர்டெல்னிக் என்ற இனிப்புச் சுருள் பழைய செக் பலகாரம் இல்லை, சுற்றுலாவுக்காகப் பரவியது. சாப்பிட ஆசையிருந்தால் சாப்பிடுங்கள், பாரம்பரியம் என்று இரட்டை விலை கொடுக்க வேண்டாம். ரேகன்ஸ்பர்க் பாலத்தடியில் இருக்கும் புகழ்பெற்ற பழைய கடை பன்றி இறைச்சித் தொத்திறைச்சிக்கானது, தெரிந்துகொண்டு போங்கள்.

கடைசியாக, கிளம்புமுன் பார்க்க வேண்டியது காகிதங்கள். ரேகன்ஸ்பர்க் தவிர மற்ற மூன்றுக்கும் எல்லை தாண்டுகிறீர்கள். ஷெங்கன் பகுதிக்குள்தான் என்றாலும் ஜெர்மனிக்குத் திரும்பும்போது சோதனை உண்டு. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாக வேண்டும், போனில் இருக்கும் படம் செல்லாது. அட்டை இன்னும் வரவில்லை, காலாவதியாகாத ஜெர்மன் தேசிய விசா மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்றால் போகலாம். அட்டை புதுப்பிப்புக்குக் கொடுத்துவிட்டு இடைக்காலச் சான்றிதழோடு இருக்கிறவர்கள் மட்டும் மிகுந்த கவனமாக இருங்கள். அந்தச் சான்றிதழில் வகைகள் உண்டு, எல்லா வகையும் வெளியே போய்த் திரும்பி வர அனுமதிப்பதில்லை. வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு மட்டும் பிராக்குக்கும் வியன்னாவுக்கும் டிக்கெட் எடுங்கள். பதில் வரும்வரை ரேகன்ஸ்பர்க் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழரை மணிக்கு ஒரு ரயில் பிடித்தால் பத்து மணி வழிபாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.